பூதத்தானின் பத்து விரல்

மறந்துவிட்டுப் போன குடையை எடுக்கத் திரும்பி வந்த அபயாம்பாள், நான்காம் வகுப்பின் வாசலிலேயே நின்றுவிட்டாள். பிள்ளைகள் எல்லோரும் போய்விட்ட சனிக்கிழமை மத்தியானம். பள்ளிக்கூடத்துப் பியூன் பூதத்தான் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, மைப்பெட்டியைத் திறந்து முன்னால் வைத்திருந்தான். இடப்பக்கம் ஒரு சீட்டுக் கட்டு, வலப்பக்கம் ஒரு கட்டு. ஒரு சீட்டை எடுப்பான். கட்டைவிரலை மையில் ஒற்றி, ‘பெற்றோர் கையொப்பம்’ என்று அச்சிட்டிருந்த இடத்தில் உருட்டி எடுப்பான். அடுத்த சீட்டுக்கு ஆள்காட்டி விரல், அதற்கடுத்ததற்கு நடுவிரல். அவசரமே இல்லை. அப்பளம் காயப்போடுகிறவர்களின் நிதானம் அந்தக் கைகளில் இருந்தது.

“என்ன பண்றே பூதத்தான்?”

அவன் பதறவில்லை. தலையை மட்டும் நிமிர்த்தினான்.

“ரேகை வைக்கேன் டீச்சரம்மா. திங்கக்கெழம பெரிய சார் கேப்பாவள்லா.”

“அது பெத்தவா வைக்க வேண்டியதில்லையோ?”

“அவுகளுக்கும் சேத்துத்தான் வைக்கேன். ஆம்பிளைக்கு வலது கை, பொம்பளைக்கு இடது கை. இதுவரைக்கும் அதுல ஒரு பெசகு வந்ததில்ல, பாத்துக்கிடுங்க. சுண்டுவிரலு சித்திமாருக்கு.”

சொல்லிவிட்டுச் சிரித்தான். அவள் சிரிக்காததைக் கண்டதும், அந்தச் சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் மைப்பெட்டியை மூடினான்.

பிறகு அவனே சொன்னான். தாராவியில் இந்தத் தமிழ்ப் பள்ளிக்கூடம் தொடங்கிய வருஷம், தெரிவிப்புச் சீட்டுகள் ஒழுங்காக வீடுகளுக்குத்தான் போயின. பிள்ளை எப்படிப் படிக்கிறது, எத்தனை நாள் வந்தது என்று மாதம் ஒரு சீட்டு. பெற்றவர்கள் பார்த்துவிட்டு ரேகை வைத்து அனுப்ப வேண்டும். அந்தச் சமயத்தில்தான் யுத்தத்துக்கு ஆள் பிடிக்கிறவர்கள் தெருவுக்கு வந்திருந்தார்கள். காகிதத்தில் ரேகை வைத்த பதினோரு பேர் எங்கோ அஸ்ஸாம் பக்கம் ரோடு போடப் போய், மூன்று பேர்தான் திரும்பினார்கள். பள்ளிக்கூடமும் காகிதத்தை நீட்டி ரேகை கேட்டதும், பிள்ளைகளைப் பிடித்துப்போகத்தான் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. மறுநாள் பள்ளிக்கூடத்தில் ஒன்பது பிள்ளைகள்.

“அப்புறந்தான் பெரிய சார் சொன்னாவ, சீட்டு இனிமே வெளிய போவாண்டாம், நீயே பாத்துக்கோன்னு. பிள்ளையளும் வந்துட்டு. சர்க்கார் கிராண்டும் வந்துட்டு.”

அவள் இங்கே வேலைக்குச் சேர்ந்து மூன்று வருஷம். அபயாம்பாள் மனதுக்குள் கணக்குப் போட்டாள். மாதத்துக்கு நாற்பத்திரண்டு சீட்டுகள். மாட்டுங்காவில் தமையன் வீட்டுக் கூடத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து, கையெழுத்து அழகாக விழவேண்டும் என்று ஒவ்வொன்றாக எழுதியிருக்கிறாள். ‘சுமார்.’ ‘கவனம் போதாது.’ ‘முயன்றால் தேறலாம்.’ ரேகையோடு அவை திரும்பி வந்தபோது, யாரோ ஒரு விளக்கடியில் யாரோ ஒருவருக்கு அது வாசிக்கப்பட்டது என்றுதான் நம்பியிருந்தாள். உண்மையில் நம்பினாளா? தன்னையே அவள் கேட்டுக்கொண்டாள். தோல் ஷெட்டுகளில் வேலை செய்கிறவர்களின் விரல்கள் மாதாமாதம் இவ்வளவு சுத்தமாகக் காகிதத்தில் விழுமா என்று ஒரு நாளாவது தோன்றியிருக்க வேண்டாமா? யாரும் வாசிப்பதில்லை என்பது தன்னில் எங்கோ ஒரு மூலைக்குத் தெரிந்தே இருந்தது, அந்த மூலை சௌகரியமாகவும் இருந்தது என்று பட்டபோது காது மடல் சுட்டது.

வலப்பக்கக் கட்டில் மேலாக இருந்த சீட்டை எடுத்தாள். சண்முகவடிவு, நான்காம் வகுப்பு. ‘வருகை குறைவு. கவனம் இல்லை.’ அவள் கையெழுத்துதான். கீழே பூதத்தானின் இடது மோதிர விரல், மை இன்னும் ஈரமாக.

மூன்றாவது சீட்டு அது. மூன்று மாதம் தொடர்ந்து இப்படி எழுதப்பட்டு, பெற்றவர்களும் பார்த்துக் கைநாட்டு வைத்துவிட்டால், நான்காம் மாதம் பிள்ளையின் பெயரை அடித்துவிட்டு அந்த இடத்தை வேறு பிள்ளைக்குக் கொடுக்கலாம் என்பது பள்ளிக்கூடத்தை நடத்தும் சபையின் விதி. திங்கட்கிழமை அடிக்க வேண்டிய பெயர்.

சீட்டோடு நேரே தலைமையாசிரியர் ஜகந்நாதனின் அறைக்குப் போனாள். அவர் கெட்டவர் இல்லை. தன் சொந்தக் காசில் சிலேட்டு வாங்கிக் கொடுக்கிறவர். அதனாலேயே அவரிடம் பேசுவது கஷ்டமாக இருந்தது.

“இந்த ரேகை அவ அம்மாவோடது இல்லை சார்.”

“தெரியும்மா.”

“தெரிஞ்சுண்டே பேரை அடிக்கப் போறேளா?”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “வெளியில எத்தனை பிள்ளைங்க இடத்துக்குக் காத்திருக்கு, தெரியுமா? தினம் வர்ற பிள்ளைக்கு இடமில்லை, வாரத்துல மூணு நாள் வர்றதுக்கு இடமா? நீங்கதானே எழுதினீங்க, கவனம் இல்லைன்னு.”

“எழுதினது நான்தான். ஆனா அது அவாளுக்குப் போய்ச் சேரலையே.”

“தெரிவிக்கணும்னு விதி. தெரிவிச்சாச்சுன்னு காகிதம் சொல்லுது. அதுக்கு மேல தோண்டினா பள்ளிக்கூடமே இருக்காது. குடையை எடுத்துட்டு வீட்டுக்குப் போங்க.”

குடையை எடுத்துக்கொண்டாள். சண்முகவடிவின் மூன்று மாதச் சீட்டுகளையும் சேர்த்தே எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை அவள் புடவை மாற்றிக்கொண்டு புறப்பட்டதைப் பார்த்த தமையன் மகாதேவன், பேப்பரை இறக்கினான்.

“ஞாயித்துக்கிழமை எங்கே?”

“தாராவிக்கு. பள்ளிக்கூடத்துக்கு இல்லை, உள்ளே. தெருவுக்கு.”

“அங்கே என்ன ஜோலி உனக்கு?”

“ஒரு கடுதாசு வாசிச்சுக் காட்டணும்.”

கோவிலுக்கு என்று சொல்லியிருக்கலாம். சொல்ல நாக்கு எழவில்லை. ஆறு வருஷத்துக்கு முன் இதே கூடத்துக்கு ஒரு கடிதம் வந்தது, பாலக்காட்டிலிருந்து, அவள் மாமனார் எழுதியது. அப்பா வாசித்தார், தமையனிடம் கொடுத்தார், தமையன் வாசித்துவிட்டு மடித்தான். அதற்குப் பதிலும் எழுதிப் போட்டார்கள். அவள் அடுப்படியில் இருந்தாள். கணவன் வீட்டுக்கு அவள் திரும்பிப் போக வேண்டியதில்லை என்பது மெல்ல மெல்ல, மற்றவர்களின் குரல் தணிவதிலிருந்து அவளுக்கே புரிந்தது. அந்தக் கடிதத்தில் தன்னைப் பற்றி என்ன எழுதியிருந்தது என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. கேட்காததைப் பொறுமை என்று எல்லோரும் சொன்னார்கள், அவளும் அப்படியே வைத்துக்கொண்டாள்.

“குளிக்காமல் உள்ளே வரக்கூடாது, பார்த்துக்கோ” என்றான் மகாதேவன். அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

பதினைந்து நிமிஷ நடைதான். அந்தப் பதினைந்து நிமிஷத்தில் பன்னிரண்டு, பள்ளிக்கூட வாசல்வரை அவள் தினமும் நடப்பது. மிச்சம் மூன்றைத்தான் மூன்று வருஷமாக நடந்ததில்லை. பள்ளிக்கூட வாசலில் பூதத்தான் நின்றிருந்தான். வழி காட்டச் சொல்லி நேற்றே கேட்டிருந்தாள்.

“ஒங்களுக்கு எதுக்கு டீச்சரம்மா இந்த சோலி? அந்தப் பொம்பள வாயி நல்ல வாயி இல்ல” என்று முணுமுணுத்தபடியே முன்னால் நடந்தான்.

தெருவில் புளித்த பட்டை நாற்றம். சுவர்களில் ஆணியடித்து விரித்த ஆட்டுத்தோல்கள். முருகம்மாள் குடிசைக்கு வெளியே துணி அலசிக்கொண்டிருந்தாள். தோல் பதனிடப் பட்டை இடிக்கிறவள். கைகள் முழங்கைவரை செம்மண் நிறத்தில் இருந்தன. டீச்சரைக் கண்டதும் எழுந்து, எங்கிருந்தோ ஒரு மரப்பெட்டியைக் கொண்டுவந்து கவிழ்த்துப் போட்டாள். அவள் பின்னால் சண்முகவடிவு, பாதி சீவிய தலையோடு, அசையாமல் நின்றாள்.

“பிள்ள எதும் சேட்ட பண்ணிட்டாளா?”

“இல்லை. இதை உங்களுக்கு வாசிச்சுக் காட்ட வந்தேன்.”

வாசித்தாள். முதல் மாதம், இரண்டாம் மாதம், மூன்றாம் மாதம். தன் வாசகங்களைத் தன் குரலிலேயே கேட்க, அவை இவ்வளவு சின்னவை என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. பெற்றவள் பார்த்ததாக ரேகை இருப்பதால் நாளை பெயரை அடிக்கப் போகிறார்கள் என்பதையும் சொன்னாள். பக்கத்துக் குடிசைகளிலிருந்து பெண்கள் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள்.

முருகம்மாள் கையை முந்தானையில் துடைத்தாள். “இத ஆரு எழுதுனது?”

“நான்தான்.”

“நான் பாத்தேன்னு ரேகை இருக்குன்னியளே, அது ஆரு ரேகை?”

அபயாம்பாள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமலேயே முருகம்மாளுக்குப் புரிந்துவிட்டது. பூதத்தானின் மைக்கறை போகாத கையை எட்டிப் பிடித்து எல்லோரும் பார்க்கும்படி தூக்கினாள்.

“இந்த வெரலாவே எம் மவளுக்கு ஆத்தா? பத்து மாசம் இந்த வெரலா சொமந்துச்சு?”

பெண்கள் சிரித்தார்கள். ஒருத்தி, “எம் மவனுக்கு எந்த வெரலுவே ஆத்தா? காட்டும், கும்பிட்டுக்கிடுதேன்” என்றாள். பூதத்தான் கையை உருவிக்கொண்டு, “பெரிய சார் சொன்னாவ, செஞ்சேன்” என்றான்.

முருகம்மாள் சிரிக்கவில்லை. டீச்சரின் பக்கம் திரும்பினாள்.

“மூணு மாசமா பிள்ள சரியா வரலன்னா, வாசல்ல வந்து ஒரு சத்தம் குடுத்தா என்ன டீச்சரம்மா? காகிதத்துல எழுதுத கைக்கு, கால் கெடையாதா?”

அபயாம்பாள் கைப்பையிலிருந்து பேனாவை எடுத்தாள்.

“ஏன் வரலைன்னு சொல்லுங்கோ. எழுதிக்கறேன்.”

“எழுதுங்க. எம் மவ வாரத்துல மூணு நாளு ரேஷன் லைன்ல நிக்கா. விடியுமுன்ன போயி நிக்கா. நான் பட்டை இடிக்கப் போகலன்னா ரேஷன் வந்தும் புண்ணியமில்ல, உப்பு வாங்கவும் வழியில்ல. எழுதுனியளா? கடக்காரன் எடைய கொறச்சா இவதான் கேக்கா. ஏழு வீட்டுக் கார்டுக்கு எம்புட்டு அரிசி, எம்புட்டு கோதும, எம்புட்டு சீனின்னு வாயாலயே சொல்லுதா. லைன்ல நிக்க பொம்பளையொ அம்புட்டுப் பேரும் இவகிட்டதான் கேட்டுட்டுப் போவாளுவ.”

“ஆமா, கேப்போம்” என்றது ஒரு குரல்.

“கவனம் இல்லன்னு எழுதிருக்கியள்லா. அத அடிங்க.”

அபயாம்பாள் அந்த இரண்டு சொற்களின் மேல் ஒரு கோடு இழுத்தாள்.

முருகம்மாள் குனிந்து பார்த்தாள். “இன்னும் நல்லா அடிங்க. அடிச்சது எனக்குத் தெரியணும்.”

இன்னொரு கோடு இழுத்தாள். இன்னொன்று. நிப்பு காகிதத்தைக் கிழித்தது. அதை இழுக்கையில், யார் மேலென்று தெரியாத ஒரு கோபம் தோளிலிருந்து கைவழியே இறங்குவதை உணர்ந்தாள். இத்தனை வருஷம் அது அங்கேதான் இருந்திருக்கிறது. பொறுமை என்று பெயர் வைத்து வளர்த்திருக்கிறாள்.

எழுதியதைத் திரும்ப வாசித்துக் காட்டிவிட்டு, “இப்போ நீங்களே ரேகை வைக்கலாம்” என்றாள்.

“நான் எதுக்கு வைக்கணும்?” என்றாள் முருகம்மாள். “காகிதத்துல வச்சா, அது எங்க போவும், என்ன பண்ணும்னு ஆரு கண்டா? நாளைக்கு நானே வாரேன். ஆளே வந்து நிக்கேன்.”

திங்கட்கிழமை காலை, ஜகந்நாதன் வருகைப் பதிவேட்டையும் சிவப்பு மையையும் எடுத்துக்கொண்டு நான்காம் வகுப்புக்கு வந்தபோது, அபயாம்பாள் அந்தச் சீட்டை அவரிடம் நீட்டினாள். ஓரங்களிலெல்லாம் எழுத்து. அடியில், இதற்கு முன் வைக்கப்பட்ட ரேகைகள் தாயுடையவை அல்ல என்று அவளே எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தாள்.

“இந்தச் சீட்டுல பெத்தவங்க பதில் எழுத இடமே கிடையாதும்மா.”

“ஓரத்துல இருந்தது சார்.”

அவர் ஏதோ சொல்ல வாயெடுக்கும்போது வெளியே பேச்சுச் சத்தம் கேட்டது. முருகம்மாள் தனியாக வரவில்லை. பன்னிரண்டு பெண்கள், அன்றைய அரைநாள் வேலையைப் போட்டுவிட்டு, தலைவாரிப் பூ வைத்து, கல்யாண வீட்டுக்கு வருகிறவர்கள்போல வந்திருந்தார்கள். பிள்ளைகள் எழுந்து வழிவிட்டு வெளியே ஓடினார்கள். சண்முகவடிவு மட்டும் முதல் பெஞ்சில் இடத்தை விடாமல் உட்கார்ந்திருந்தாள். முருகம்மாள் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். மற்றவர்கள் அந்தச் சின்ன பெஞ்சுகளில் முழங்கால்களை மடக்கித் திணித்துக்கொண்டார்கள்.

“எல்லாரும் வெளியில நில்லுங்க” என்றார் ஜகந்நாதன்.

“எங்க பிள்ளையப் பத்தி எழுதுனத வாசிச்சா, கேட்டுட்டுப் போயிருவோம் சார்” என்றாள் முருகம்மாள். “சட்டி பான ஒண்ணும் கொண்டாரல, குடியிருக்கதுக்கு.”

அவர் அபயாம்பாளின் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். “இன்னிக்கே சபைக்கு எழுதுவேன். உங்க வேலை போயிடும்.”

“எழுதுங்கோ” என்றாள் அவள். குரலைத் தாழ்த்தவில்லை. “எழுதினதை அனுப்பறதுக்கு முன்னாடி எனக்கு வாசிச்சுக் காட்டுங்கோ.”

அவர் பதிவேட்டைத் திறக்கவும் இல்லை, எடுத்துக்கொண்டு போகவும் இல்லை. கதவருகே அதைக் கையில் பிடித்தபடி நின்றார். அபயாம்பாள் சீட்டுக் கட்டைப் பிரித்தாள். முதலில் வந்தது பொன்னுத்தாய் என்ற பெண்ணின் சீட்டு. பெயரை வாசித்ததும் மூன்றாவது பெஞ்சிலிருந்து அவள் தாய் சொர்ணம்மாள் சட்டென்று எழுந்து, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். உட்காரச் சொன்னபோதும் உட்காரவில்லை.

“வாசிங்க. நின்னுட்டே கேக்கேன்.”

சீட்டில் ஒரே ஒரு சொல்தான் இருந்தது. அதை வாசித்தாள்.

“சுமாருன்னா எப்பிடி டீச்சரம்மா?” என்றாள் சொர்ணம்மாள். குற்றம் சொல்லும் குரல் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்டாள். “நல்லாருக்காளா, நல்லால்லையா? எதுல?”

அபயாம்பாள் சீட்டை மேஜைமேல் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்தாள். கம்பிகளுக்கு வெளியே, ஒன்றின் மேல் ஒன்றாக நெருக்கியடித்து நாற்பது முகங்கள், தங்கள் பெஞ்சுகளில் உட்கார்ந்திருக்கும் தாய்மார்களைப் பார்த்துக்கொண்டிருந்தன. அந்த முகங்களில் பொன்னுத்தாயை அவள் தேடினாள். இதுவா, அதுவா என்று தயங்கி நிற்கையில், கீழ்க்கம்பிகளுக்கு நடுவே ஒரு மெலிந்த கை உள்ளே நுழைந்து, முழங்கைவரை வந்து, நேராக உயர்ந்தது.

“உள்ளேன் டீச்சர்.”