பேசிக்கொண்டே நடக்கிற தூரம்

வெயில் தாழ்ந்ததும் வெங்கடம்மாள் செருப்பை மாட்டிக்கொண்டு, கையில் தண்ணீர்ச் சொம்போடு வாசற்படியில் வந்து நின்றாள். "ஏனுங்க அத்தை, நடக்கப் போலாமுங்களா?" என்று அவள் கூப்பிட்டது உள்ளே இருந்த மாமியாருக்கு மட்டுமல்ல, எதிர்வீட்டுக்கும் அதற்கடுத்த வீட்டுக்கும் சேர்த்துத்தான். அந்த வீட்டுக்குள் பேச்சு தெலுங்கு. ஊருக்குக் கேட்க வேண்டியதை மட்டும் தமிழில் பேசுவார்கள். கருமத்தம்பட்டிக்கு வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில் அந்த வழக்கத்தை அவளுக்குப் பழக்கியவளே மாமியார் பங்காரம்மாதான்.

"வாரேன்" என்று உள்ளிருந்து பதில் வந்தது. பிறகு கட்டில் முனகியது. பிறகு பங்காரம்மா முனகினாள்.

இது டாக்டரம்மா சொன்ன நடை. ஆறாம் மாதம் தொடங்கியதும் ராமுலு தன் மனைவியையும் அம்மாவையும் பஸ்ஸில் ஏற்றி ஆர்.எஸ்.புரத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருந்தான். டாக்டரம்மா வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "படுத்தே கெடக்காதீங்க, தெனமும் நடங்க" என்றார். "மெதுவா, பேசிக்கிட்டே நடக்கற அளவுக்குத்தான் நடக்கோணும். பேச்சு வராம மூச்சு வாங்குச்சுன்னா உக்காந்துருங்க. தலை சுத்துனா, அடிவயிறு வலிச்சா, அதோட நிறுத்திட்டு இங்க வந்துருங்க. வெயிட்டு மட்டும் எதையும் தூக்கக் கூடாது. தனியாவும் போகாதீங்க." காட்டு வேலைக்கு வரும் சின்னாத்தாளைத் துணைக்கு அனுப்பலாமே என்றான் ராமுலு. பங்காரம்மாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "நம்மூட்டுப் புள்ளத்தாச்சிக்குக் காட்டுல களை வெட்டறவ தொணையா? ஊரு சிரிக்காதா? நானே கூடப் போறனுங்க டாக்டரம்மா" என்றாள். அந்த வாயை அன்றைக்கு மூடிக்கொண்டு இருந்திருந்தால் அவள் முழங்கால் தப்பித்திருக்கும்.

முதல் பிள்ளையின் கதையும் இதே கௌரவத்தில்தான் முடிந்தது. வீட்டுக் கிணற்றில் உப்புத் தண்ணீர். குடிக்கிற தண்ணீரைச் சாலைக்கு அந்தப் பக்கம், பருத்திக்காட்டு ஓரத்தில் இருந்த கிணற்றில்தான் சேந்த வேண்டும். அந்தத் தண்ணீரில் வேலைக்காரர் கை படக் கூடாது என்பது பங்காரம்மாவின் சட்டம். உறவினர் வந்து நிறைந்திருந்த ஒரு நாளில், ஏழு மாத வயிற்றோடு வெங்கடம்மாள் பித்தளைக் குடத்தை இடுப்பில் ஏற்றி இறக்கிக்கொண்டே இருந்தாள். வலிக்கிறது என்றதற்கு, "அசைஞ்சு வேலை செஞ்சாத்தான் சுகப்பிரசவம்" என்றாள் மாமியார். கிணற்றடியில் ரத்தத்தோடு உட்கார்ந்துவிட்டவளைப் பார்த்தவள் சின்னாத்தாள் ஒருத்திதான். பிள்ளை பிழைக்கவில்லை.

பிள்ளை போனதைக்கூட வெங்கடம்மாள் அழுது தீர்த்திருப்பாள். அதற்குப் பிறகு நடந்ததைத்தான் அவளால் மன்னிக்க முடியவில்லை. "எந்நேரமும் படுத்தே கெடந்தா. அதான் வகுத்துலயே போயிருச்சு" என்று துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் பங்காரம்மா தமிழில் சொன்னாள். ஊர் நம்பியது. ராமுலுவும் நம்பினான். சின்னாத்தாள் வாயைத் திறந்தால் வேலை போய்விடும். இப்போது இந்தப் பிள்ளை நல்லபடியாகப் பிறந்தால் அது மாமியார் பார்த்த பக்குவம் என்பார்கள். பிறக்காவிட்டால் மறுபடியும் மருமகளின் சோம்பல் என்பார்கள். இரண்டில் எது நடந்தாலும் பங்காரம்மா ஜெயிப்பாள் என்பதை நினைத்தால் வெங்கடம்மாளுக்கு வயிறு எரிந்தது.

அதனால் அவள் நடந்தாள். டாக்டரம்மாவின் சொல்லில் ஒன்றைக்கூட மீறாமல், பிள்ளைக்கு ஒரு குறையும் வராமல் பழிவாங்க அவளுக்கு இந்த வழி கிடைத்திருந்தது. முதலில் மாரியம்மன் கோயில் வரைக்கும். உடம்பு பழகப் பழக, மைல்கல் வரைக்கும். களைத்தால் வேப்பமர நிழலில் உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு எழுந்தாள். அவளுக்கு உடம்பு தேறிக்கொண்டு வந்தது. பங்காரம்மாவின் கால்கள்தான் வீங்கின. நின்றுவிடலாம் என்றால், "நானே கூடப் போறேன்" என்று ஊரெல்லாம் பெருமை அடித்தாயிற்று.

பேசிக்கொண்டே நடக்கச் சொல்லியிருக்கிறார்கள் அல்லவா, வெங்கடம்மாள் பேசவும் செய்தாள். பேசியதெல்லாம் ஒரே விஷயம்தான். "அந்தப் பையன் இருந்திருந்தா இப்ப நம்ம கையப் புடிச்சு நடப்பானுங்க அத்தை" என்பாள். "காது ரெண்டும் உங்களாட்டவே இருந்துச்சுங்க" என்பாள். மாமியாரிடமிருந்து மூச்சிரைப்பு மட்டும் வரும். "பேச்சு வருதுங்களா அத்தை? வரலீன்னா நின்னுக்கலாமுங்க" என்று நின்று கேட்பாள். கண்ணில் இரக்கம் இருக்காது.

இன்றைக்கு மைல்கல்லில் அவள் திரும்பவில்லை. சாலையைக் கடந்து பருத்திக்காட்டு வரப்பில் இறங்கினாள். இரண்டு வருடமாக அந்தப் பக்கம் கால் வைத்ததில்லை, தண்ணீரை ராமுலுதான் சேந்தி வந்தான். கிணற்றடிக்கு வந்ததும் நெஞ்சு படபடத்தது. பேசிப் பார்த்தாள், பேச்சு வந்தது. வயிற்றில் பிள்ளை ஒருமுறை புரண்டது. பின்னால் வந்த பங்காரம்மா இடம் எது என்று தெரிந்ததும் அப்படியே கிணற்றுக் கல்லின்மேல் சரிந்து உட்கார்ந்தாள். எழ முயன்றாள், முழங்கால் ஒத்துழைக்கவில்லை.

"கையக் குடு கண்ணு" என்றாள் தெலுங்கில்.

"வெயிட்டுத் தூக்கக் கூடாதுன்னாங்களே அத்தை" என்றாள் வெங்கடம்மாள் தமிழில்.

பருத்தி எடுத்து முடித்த பெண்கள் மடி நிறையப் பஞ்சோடு வரப்பில் வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் சின்னாத்தாள். வேறு வேறு தெருவுக்குப் போகிறவர்கள், இங்கே கேட்டதை ராத்திரிச் சோற்றுக்குள் ஊரெல்லாம் சேர்த்துவிடுகிறவர்கள். வெங்கடம்மாள் அவர்களைக் கூப்பிட்டாள்.

"சின்னாத்தா, பெரியம்மணிக்கு எந்திரிக்க முடியலயாம். நீ கை குடுக்கோணும்."

சின்னாத்தாள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, தொடலாமா என்று பயந்து பார்த்தாள். "இரு" என்று அவளை நிறுத்திவிட்டு மாமியார் பக்கம் திரும்பினாள் வெங்கடம்மாள். "அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கோணுமுங்க அத்தை. அன்னிக்கு நானு ஊட்டுல படுத்துக் கெடந்தனா, இல்ல இங்க தண்ணி சேந்திட்டு இருந்தனா?"

பெண்கள் நடையை நிறுத்தினார்கள். பங்காரம்மா மருமகளை நிமிர்ந்து பார்த்தாள், பிறகு கிணற்றைப் பார்த்தாள். தரையை நோக்கி, அடிக்குரலில் தெலுங்கில் ஏதோ சொன்னாள். வெங்கடம்மாளுக்கு அது தெளிவாகக் கேட்டது. இந்த இரண்டு வருடமும் அவள் கேட்கக் காத்திருந்த ஒப்புதலே அதுதான். கண்ணில் நீர் முட்டியது.

"தமிழ்ல சொல்லுங்க அத்தை" என்றாள். "இவங்களுக்கும் புரியோணுமுங்கல்ல."

பங்காரம்மாவின் வாய் திறந்தது. மூச்சு வாங்கியது. அவளுக்கு முன்னால் சின்னாத்தாளின் கை நீண்டிருந்தது, விரலிடுக்கில் பஞ்சு ஒட்டியபடி.