கத்தரித்து ஊற்றிய அளவு

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா, காலை நீட்டிக்கொள்ளுங்கள். இன்றைக்கு ஒரு தையற்காரியின் கதை. கூட்டாமல் குறைக்காமல் சொல்கிறேன். அவள் வேலை பார்க்கும் தெருமுனை பாரில் பதினோரு வருஷமாக மதுவை ஊற்றுவதில்லை. கத்தரிக்கோலால் வெட்டிக் கொடுக்கிறார்கள்.

அவள் தையல்கடைக்கு எதிரே ஆயத்த ஆடைக் கடை வந்தது. மூன்றே மாதத்தில் ஜாக்கெட் தைக்க ஈ காக்கைகூட வரவில்லை. வீட்டில் அவளும் நாத்தனாரும் மட்டும்தான். வேறு வேலை கிடைக்காவிட்டால் வாடகை அறையைக் காலி செய்துவிட்டு ஆளுக்கொரு உறவு வீட்டில் ஒண்ட வேண்டும். இருபது வருஷமாக ஒருவரையொருவர் ஏசிக்கொண்டே வாழ்ந்தவர்கள் பிரிய வேண்டும். அதை வாய்விட்டுச் சொல்ல இருவருக்கும் தைரியமில்லை. ஆகவே இன்னும் பலமாக ஏசிக்கொண்டார்கள். அப்போதுதான் பார் வாசலில், ஆள் தேவை, முன் அனுபவம் வேண்டாம் என்று அட்டை தொங்கியது. “உனக்கு இருமல் மருந்து குடிச்ச அனுபவம்கூடக் கிடையாதேடி” என்றாள் நாத்தனார். “அதான் அண்ணி, வேண்டாம்னு போட்டிருக்கானே” என்று அவள் போய்விட்டாள். முதலாளி, எல்லோரும் மீசைக்காரர் என்று அழைப்பவர், என்ன தெரியும் என்று கேட்டார். “அளவு எடுப்பேங்க.” ஏழு நாள் பார்க்கலாம் என்றார்.

பாட்டிலைச் சாய்க்க வேண்டும், மனசுக்குள் நாலு எண்ண வேண்டும், நிமிர்த்த வேண்டும், அவ்வளவுதான் தொழில். காலி பாட்டில்களில் தண்ணீர் நிரப்பி வீட்டில் பழகினாள். நாத்தனார் வாடிக்கையாளராக உட்கார்ந்து, “என்னம்மா சரக்கு இது, ஏறவே மாட்டேங்குது” என்று மேஜையைத் தட்டினாள். எண்ணிக்கை சரியாக வந்தது, கைதான் நிற்கவில்லை. ஆறு நாளும் கிளாஸின் அளவுக்கோட்டைத் தாண்டி வழிந்தது. “ஏம்மா எப்பவும் ரெண்டு விரல் கூடவே ஊத்தறீங்க?” என்று மீசைக்காரர் கேட்டார். “தையலுக்கு விட்டேங்க. உடம்பு போட்டா பிரிச்சு விடணுமில்ல?” அவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். சிரித்து முடித்ததும், “நாளைக்கும் வழிஞ்சா, அடுத்த நாள் வர வேண்டாம்மா” என்றார்.

ஏழாம் நாள் மாலை நாலு மணி. ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் எலுமிச்சை போட்ட ஜின் கேட்டார். துணைக்கு வந்த நாத்தனார் கடைசி ஸ்டூலில் பையை மடியில் அணைத்தபடி உட்கார்ந்திருந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. கை நிமிரவில்லை. கோடு நெருங்கியது. அவள் பழக்க தோஷத்தில் இடுப்பில் செருகியிருந்த கத்தரியை எடுத்து, பாட்டிலுக்கும் கிளாஸுக்கும் நடுவே அந்த ஒழுக்கை நறுக்கென்று வெட்டினாள். கீழ்த்துண்டு கிளாஸில் விழுந்து கோட்டோடு நின்றது. மேல்துண்டு நூல் போலச் சுருண்டு பாட்டிலுக்குள் ஏறிக்கொண்டது. டிரைவர் ஒரு மடக்குக் குடித்துவிட்டு, “அளவு கச்சிதம்” என்றார். மீசைக்காரர், “கத்தரியைக் கழுவித் துடைச்சு வைங்க. நாளைக்கு மூணு மணிக்கு வந்துடுங்க” என்றார். “கத்தரியை விக்காதேன்னு நான்தானே சொன்னேன்” என்றாள் நாத்தனார். விற்கச் சொன்னவளே அவள்தான்.

பிறகு வருஷங்கள் ஓடின. பிசகாக வெட்டிய சிவப்பு, மஞ்சள், பச்சை மதுத் துண்டுகளை இழுப்பறையில் மடித்து வைத்தாள். நாத்தனார் அவற்றை ஒட்டுப்போட்டுத் தைத்துக் கொடுத்த பானத்துக்கு வாசல் வரை வரிசை நின்றது. சாணை பிடிப்பவர் மாதமொருமுறை வருவார். “பட்டுத் துணியா வெட்டறீங்க, இப்படி மழுங்கியிருக்கு?” “ஜின்னுங்க.” “ஜின்னுக்கு இவ்வளவு மழுங்காதே.” “சர்க்கரைப்பாகு கலந்தது.” “அப்ப மழுங்கத்தான் செய்யும்” என்று சக்கரத்தைச் சுற்றுவார். அந்த அறை இன்னும் காலியாகவில்லை. ஏச்சுச் சத்தம் இன்றைக்கும் தெருவுக்குக் கேட்கிறது.

அவ்வளவுதான் கண்ணுகளா, எழுந்து போங்கள். உங்கள் வீட்டில் எல்லாம் அளவோடு இருக்கட்டும். சிரிப்பு மட்டும், தையலுக்கு விட்ட துணி போல, எப்போதும் ரெண்டு விரல் கூடவே இருக்கட்டும்.