பத்து கிரெயின்

கப்பலிலிருந்து ஆறு பெட்டிகள் வந்தன. எதிலும் ஏஜென்சியின் முத்திரை இல்லை. எங்கள் கடையின் பெயர் மட்டும் இருந்தது, ஓர் எழுத்துப் பிழையோடு.

மச்சான் பெட்டிகளைச் சுற்றி வந்தார். ஒன்றைக் காலால் தட்டினார்.

"ஆறு பெட்டி. பரவாயில்லையே மாப்பிள்ளை. உங்க இங்கிலீஷ் ஒண்ணுக்காவது ஆச்சு."

அவர் என் மனைவியின் அண்ணன். மருந்துக்கடை அவருடையது. என் மனைவி காய்ச்சலில் இறந்து அப்போது எட்டு மாதம் ஆகியிருந்தது. அதன் பிறகு அவர் என்னிடம் குத்தலாகத் தவிர வேறு மாதிரி பேசியதில்லை.

அந்த ஊரில் காய்ச்சலுக்குக் கொய்னா என்கிற குயினைன் தூளை விற்க வேண்டுமானால் ஏஜென்சியிடம்தான் வாங்க வேண்டும். அதை நடத்தும் துரை வைத்ததுதான் விலை. மழைக்காலம் வந்தால் அதுவும் ஏறும். துக்கத்துக்கு வந்தவர்கள் போன பிறகு எனக்கு எதுவும் ஓடவில்லை. ஒரு காலி பாட்டிலின் லேபிளில் வெளிநாட்டுத் தொழிற்சாலையின் விலாசம் இருந்தது. நேராகச் சரக்கு அனுப்ப முடியுமா என்று கேட்டு எழுதினேன். பதில் வந்தது. மறுபடி எழுதினேன். ஊருக்கு நல்லது செய்ய நினைத்தேன் என்று சொன்னால் அது பொய்.

விலைப் பலகையில் பழைய விலையை அழித்துப் பாதி விலையை எழுதினோம். அன்று சாயங்காலமே ஏஜென்சியின் ஏஜெண்ட் வந்து நின்றார். கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"யார் அப்பன் வீட்டுச் சரக்குய்யா, பாதி விலைக்கு அள்ளிக் குடுக்கறீங்க?"

"உங்க சரக்கு வர்ற அதே தொழிற்சாலை," என்றேன்.

"நான் முதலாளியைக் கேட்டேன். வேலைக்காரனை இல்ல."

"அவர் வேலைக்காரர் இல்ல," என்றார் மச்சான். "வீட்டு மாப்பிள்ளை." கொஞ்சம் நிறுத்தி, "இருந்தார்," என்றார்.

ஏஜெண்டுக்கு அது பிடித்திருந்தது. சிரித்துக்கொண்டே விரல்களை மடக்கினார். "நாளையிலேருந்து உங்களுக்குப் பஞ்சு கிடையாது. டிங்சர் கிடையாது. பேதி உப்பு கிடையாது. வெறும் கொய்னாவை வெச்சு எத்தனை நாள் கடை திறக்கறீங்கன்னு பார்க்கலாம்."

மூன்று நாள் கடை வாசலில் கால் வைக்க இடமில்லை. மருந்தைப் பொட்டலம் கட்டியவர் எங்கள் கம்பவுண்டர். இருபது வருடமாகக் கடையில் இருப்பவர். தராசைத் தொடமாட்டார். மாட்டுக்கொம்பில் செய்த ஒரு சின்னக் கரண்டியால் அள்ளிப் போடுவார். அதனால் ஊரில் அவருக்குக் கரண்டி என்றே பெயர்.

நான்காம் நாள் பார வண்டிக்காரன் ஒருவன் உள்ளே நுழைந்து கவுண்ட்டரை அறைந்தான்.

"என்னத்தைக் குடுத்தீங்கடா? ரெண்டு காதும் கொய்யுனு கத்துது! வண்டிச் சத்தமே கேக்கல! சோத்தைப் பார்த்தா வாந்தி வருது!"

"காய்ச்சல்?" என்றேன்.

"என்னது?"

நெற்றியைத் தொட்டுக் காட்டினேன்.

"அது போயிடுச்சு! காதைக் குடுடா!"

மதியத்துக்குள் இன்னும் ஏழு பேர் வந்தார்கள். எல்லோருக்கும் காய்ச்சல் விட்டிருந்தது. எல்லோருக்கும் காது அடைத்திருந்தது. விஷச் சரக்கு என்று யாரோ விலைப் பலகை மேல் சாணி அடித்தார்கள். ஏஜெண்ட் மனு கொடுத்தார். மறுநாள் நான்கு மணிக்கு நகராட்சி டாக்டர் வந்து பார்ப்பார், சரக்கில் கோளாறு இருந்தால் கடைக்குச் சீல் என்று நோட்டீஸ் வந்தது.

"எங்கப்பா வெச்ச கடை," என்றார் மச்சான். "தங்கச்சியைக் குடுத்தேன். இப்ப கடையையும் குடுத்துட்டேன். இன்னும் என்ன வேணும் உங்களுக்கு?"

மறுநாள் காலையில் கம்பவுண்டரிடம் அவருடைய கரண்டியைக் கேட்டேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு கொடுத்தார். ஒரு கரண்டி கொய்னாவைத் தராசில் போட்டேன். மருந்து எடையில் இருபது கிரெயின் இருந்தது.

"டாக்டர் சீட்டில் பத்துன்னுதானே எழுதறார்?"

"எழுதுவார். பத்து போட்டா காய்ச்சல் அசையாது சார். இருபது போட்டாத்தான் எறங்கும். இது என் கை சொல்றது. உங்க புஸ்தகத்துல இருக்காது."

பழைய ஏஜென்சி சரக்கு ஒரு பாட்டிலின் அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதிலிருந்து ஒரு சிட்டிகை. புதுச் சரக்கிலிருந்து ஒரு சிட்டிகை. இரண்டின் மேலும் ஒரு சொட்டு டிங்சர் அயோடின் விட்டேன். கல்லூரியில் முதல் வருடம் கற்றுக்கொடுப்பது இது. மாவு இருந்தால் நீலமாகும். புதியது பழுப்பாகவே நின்றது. பழையது மை கொட்டியதுபோல் நீலமானது.

கம்பவுண்டர் நீலத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவருக்கும் நினைவு வந்துவிட்டது. என் மனைவிக்கு அவரை மருந்து கட்டவிடாதவன் நான். நானே தராசில் நிறுத்தேன், சீட்டில் இருந்த பத்தை.

கரண்டியைக் கழுவி வைத்தேன். நான் வாயை மூடிக்கொண்டால் கடை போகும். திறந்தால் அவள் ஏன் பிழைக்கவில்லை என்று மச்சானுக்குத் தெரிந்துவிடும்.

நான்கு மணிக்கு டாக்டர் வந்தார். கூடவே அரக்கும் நூலும் எடுத்துக்கொண்டு ஒரு போலீஸ்காரர். ஏஜெண்ட் சீல் உடையாத ஒரு பாட்டிலைத் தன் கையாலேயே கொண்டுவந்திருந்தார்.

"அசல் எப்படி இருக்கும்னு டாக்டருக்குத் தெரியணுமில்ல?"

"அதையே உடைங்க," என்றேன்.

டாக்டர் உடைத்தார். டிங்சர் விட்டேன். நீலம்.

ஏஜெண்ட் கொஞ்சம்தான் தடுமாறினார். "கட்டி தட்டாம இருக்கத் துளி மாவு சேர்க்கறதுதான். எல்லாரும் செய்யறது. அதுக்கும் இவங்க ஜனங்களைச் செவிடாக்கினதுக்கும் என்ன சம்பந்தம்?"

"துளி இல்லீங்க, பாதி," என்றார் கம்பவுண்டர். "அதான் நான் ரெட்டிப்பாப் போட்டேன். பழக்கத்துல இந்தச் சரக்கையும் ரெட்டிப்பாப் போட்டுட்டேன்."

"கரண்டி சொல்லிட்டார், கேட்டுக்குங்க!" என்றார் ஏஜெண்ட். "கொம்புக் கரண்டிதான் இந்த ஊர்ல நீதிபதி."

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "மாவு இருக்குன்னு இந்த நீலம் சொல்லும். எவ்வளவுன்னு சொல்லாது. நான் எழுதின பத்தைச் சரியா நிறுத்துக் குடுத்து, காய்ச்சல் எறங்காமப் போன ஆள் யாராவது உண்டா?"



"ஒருத்தர்," என்றேன்.

மருந்துச் சீட்டு நோட்டை எடுத்துப் பிரித்தேன். பக்கத்தைத் தேட வேண்டியிருக்கவில்லை. கையெழுத்து என்னுடையது. பத்து கிரெயின், ஒரு நாளைக்கு மூன்று வேளை, நான்கு நாள். ஒவ்வொரு வேளைக்கும் எதிரே நிறுத்த நேரம்கூடக் குறித்திருந்தேன். பத்து, பத்து, பத்து.

டாக்டர் குனிந்து படித்தார். பெயருக்கு வந்ததும் நிமிர்ந்தார். "மருந்து கேக்காத காய்ச்சல்னு சர்ட்டிபிகேட் எழுதினது நான்தான்," என்றார்.

ஏஜெண்டின் பாட்டிலைத் துணியில் சுற்றச் சொன்னார். கடைக்கதவுக்கு என்று கொண்டுவந்த அரக்கைப் போலீஸ்காரர் உருக்கி அந்த முடிச்சில் வைத்தார். ஏஜெண்ட் துரையின் பெயரைச் சொல்லி மிரட்டிக்கொண்டே பின்னால் போனார்.

மச்சான் அப்போதும் நோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு இவர் ஒரு கரண்டி போடறேன்னு கேட்டாரா?"

"கேட்டார்."

"நீ என்ன சொன்ன?"

"இது என்ன சமையல்கட்டான்னு கேட்டேன்."

எட்டு மாதத்தில் முதல்முறையாக அவர் என்னை ஏசவில்லை. நோட்டை மூடினார்.

"கடைக்கு வா. நீ இல்லாம அடுத்த சரக்கு வராது. வீட்டுப் பக்கம் வராதே. அம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

"சரி மச்சான்."

"அப்படிக் கூப்பிடாதே."

விலைப் பலகையைக் கழுவி மறுபடி மாட்டினேன். அடுத்த வாரம் வண்டிக்காரன் தன் மகளுக்குக் காய்ச்சல் என்று வந்தான். அவனுக்கு இன்னும் காது சரியாகவில்லை. கம்பவுண்டர் ஒதுங்கிக்கொண்டார். நான் தராசை எடுத்தேன். சின்னப் பெண்ணுக்கான அளவு. நிறுத்து, மடித்து, நீட்டினேன்.

"இத்தனூண்டா?" என்று கத்தினான். "விலையைக் குறைச்சு மருந்தையும் குறைச்சிட்டியா? திருட்டுப் பயலே!"

"இதுதான் அளவு."

"என்னது?"

பொட்டலத்தைப் பிரித்தேன். அவன் கண் முன்னால் இன்னொரு முறை நிறுத்துக் காட்டினேன். காறித் துப்பிவிட்டு வாங்கிக்கொண்டு போனான்.