வாத்தியாரின் கிரேக்கத் துக்கம்

மாமியார் செத்ததற்கு மருமகன் அழாமல் இருப்பது ஒன்றும் உலக அதிசயம் இல்லை. ஆனால் வேதாகமக் கல்லூரியில் கிரேக்கம் சொல்லிக்கொடுக்கும் வாத்தியாரின் மனைவிக்கு அது பொறுக்கவில்லை. அம்மாவின் மூச்சு அடங்கியதிலிருந்து கணவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. வாத்தியார் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, முகத்தை அஷ்டகோணலாக்கி அழ முயன்று பார்த்தார். தும்மல்தான் வந்தது.

மனைவியின் அக்கா நேராகவே கேட்டுவிட்டாள். "ஏன் தம்பி, ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டா குறைஞ்சா போயிடுவீங்க? எங்கம்மா சண்டைக்காரிதான், இல்லேங்கல. அதுக்காக இப்படியா?"

"வர மாட்டேங்குதேக்கா, நான் என்ன பண்ண?"

அடக்க ஆராதனையில் பேசும் பொறுப்பும் அவர் தலையில்தான் விழுந்தது. கைவசம் கிரேக்கம் இருக்கக் கவலை எதற்கு? துயரப்படுகிறவர்கள் பாக்கியவான்கள் என்று இயேசு சொன்ன இடத்தில் வரும் சொல்லைப் பிடித்துக்கொண்டார்.

"பெந்தேயோன்னு ஒரு சொல்லுங்க. சும்மா மனசு வாடுறதில்ல. செத்தவங்களுக்காகப் படுற துக்கம். உள்ள பூட்டி வைக்க முடியாது. வெளிய வந்தே தீரும், ஊரே பாக்கும்."

சொல்லிவிட்டுச் சற்று நிறுத்தினார். அது பழக்கதோஷம். அவர் பிரசங்கத்தில் கிரேக்கம் வந்தால் போதும், முன்வரிசையில் இருக்கும் மாமியார் ரகசியம் பேசுவதாக நினைத்துக்கொண்டு, சபை முழுக்கக் கேட்கும்படி பக்கத்துப் பெண்ணிடம் சொல்வார்: "அப்படியெல்லாம் ஒண்ணும் கிடையாது." கூட்டம் சிரிக்கும். அந்தச் சிரிப்பு அடங்குவதற்கென்றே பிரசங்கத்தில் இடம் விட்டு எழுதப் பழகியிருந்தார் வாத்தியார். இன்றும் விட்டிருந்தார்.

ஒரு சத்தமும் இல்லை. மாமியார் பெட்டிக்குள் மறுபேச்சில்லாமல் படுத்திருந்தார்.

"சொல்லுங்க அத்தை" என்று வாய்தவறி மைக்கிலேயே கேட்டுவிட்டார். அவ்வளவுதான், உடைந்துபோனார். ஓவென்று அவர் அழுத அழுகை ஒலிபெருக்கி வழியாகத் தெருமுனை வரை போயிற்று. சைக்கிளில் போன ஒருவர் இறங்கியே நின்றுவிட்டார். வாத்தியாருக்கு மானம் போயிற்று, ஆனால் நிறுத்த முடியவில்லை. இனி மல்லுக்கட்ட அந்த மனுஷி இல்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

மனைவி எழுந்து மேடைக்கு வந்தாள். அவள் கண்ணும் சிவந்திருந்தது. தன் கைக்குட்டையை அவர் கையில் திணித்தாள்.

"நல்லா அழுங்க," என்றாள். "மூக்க மட்டும் மைக்குக்குத் தள்ளிப் போய்ச் சிந்துங்க."