கரியாக்கூக்காரருக்கு ஒரு கண்ணீர் அஞ்சலி

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். இரக்கக்காரனுக்கும் அப்படித்தான் என்பதற்கு என் கணவர் வைத்தியநாதன் சாட்சி. ஜெர்மனியில் இருந்தபோதும் அப்படி, இங்கிலீஷ்காரன் நாட்டுக்கு வந்து கோலியர்ஸ் வுட்டில் அச்சகம் போட்ட பிறகும் அப்படி. ஒருவரையும் கேட்கமாட்டார், செய்துவிட்டுத்தான் நிற்பார்.

அச்சகத்துக்கு மேல்மாடியில் மிஸ் ஹேசல் குடியிருந்தார். கரீபியன் கடலில் கிரெனடின் தீவுக்கூட்டத்துக் கரியாக்கூ அவருடைய ஊர். நம் நெடுந்தீவை விடச் சிறியது. கடற்கரையிலேயே மரக்கப்பல் கட்டி, ஆடு வெட்டிக் கடலில் இறக்குவார்களாம். அப்படி ஒரு கப்பலில் அவருடைய தம்பி கெல்வின் சரக்கோடு கிரெனடாவுக்குப் புறப்பட்ட மறுநாள் புயல் அடித்தது. 2004 செப்டெம்பர். தொலைபேசிகள் எல்லாம் அறுந்துபோயின. மிஸ் ஹேசல் படியில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தார். அவரைப் பார்த்துப் பார்த்து எனக்கும் சோறு இறங்கவில்லை.

அந்த வாரக் கடைசியில் தம்பியின் சிறிய படமொன்றைக் கொண்டுவந்து பெரிதாக்கித் தரச் சொன்னார். தேவாலயத்தில் எல்லாருக்கும் காட்டி ஜெபிக்க வேண்டுமாம். படத்தைக் கொடுக்க மேலே போன என் கணவர் கண்டது இது: வெள்ளை விரித்த மேசை, கோழிக்கறி, சோளமாக்களி, ஒரு கிளாஸ் றம், மெழுகுதிரி. சுற்றி ஒருவரும் இல்லை. மிஸ் ஹேசல் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்து நின்றார்.

யாழ்ப்பாணத்தானுக்கு இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? படம் பெரிதாகிவிட்டது, செத்தவர் வந்து சாப்பிடட்டும் என்று படையல் வைத்துக் கதவும் சாத்தியாகிவிட்டது.

மறுநாள் காலை நான் அச்சகத்துக்கு வந்தபோது வாசல் கண்ணாடியில் ஒட்டிய நோட்டீஸில் குத்துவிளக்குகளுக்கு நடுவே கெல்வின் சிரித்துக்கொண்டிருந்தார். மேலே 'கண்ணீர் அஞ்சலி', கீழே எங்கள் தொலைபேசி எண். பக்கத்து மளிகைக் கடையிலும் ஒன்று ஒட்டியிருந்தது.

"இஞ்சாருங்கோ, அந்த மனிசன் செத்துப்போனாரெண்டு ஆர் உங்களுக்குச் சொன்னது?"

"சொல்லோணுமே? செத்தவருக்கு எட்டுச்செலவு படைச்சிருக்கிறா. கண்ணாலை கண்டனான்."

"அது அவவின்ரை செத்த தாய்க்கு! தாய் கனவிலை வந்து பசிக்குதெண்டு கேட்டவவாம். செத்த ஆக்களின்ரை வயிறு நிறைஞ்சாத்தான் இருக்கிற பிள்ளையைக் காப்பாத்துவினமெண்டு நேற்று எனக்குச் சொன்னவ."

அவர் நோட்டீஸை உரிக்க ஓடினார். அதற்குள் மிஸ் ஹேசல் கண்ணாடி முன் நின்றார். மேலே இருந்த தமிழ் அவருக்கு வாசிக்கத் தெரியாது. படத்தில் தம்பியின் கன்னத்தைத் தடவினார். பிறகு என் கணவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"நான் கேக்காமலே செய்திருக்கிறீங்கள்" என்றார் ஆங்கிலத்தில். "ஆளைக் காணேல்லையெண்டு உங்கடை சனத்துக்கும் அறிவிச்சிருக்கிறீங்கள். கண்ட ஆக்கள் இந்த நம்பருக்கு எடுப்பினம்."

உள்ளே வந்து தொலைபேசிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். என் கணவர் பேப்பர் வெட்டும் அறைக்குள் போய் ஒளிந்துகொண்டார். நல்ல ஆண்பிள்ளை!

மணி அடித்தது. மிஸ் ஹேசல் எழுந்துவிட்டார். நான் எடுத்தேன். மளிகைக் கடையில் நோட்டீஸைப் பார்த்த தவமலரக்கா.

"பிள்ளை, ஆர் செத்தது? எப்ப பிரேதம் எடுக்கினம்?"

"சாகேல்லை அக்கா. உயிரோடை இருக்கிறார்."

வைத்தவுடன் மறுபடி மணி. சட்டன் நகரிலிருந்து ஒருவர். "உயிரோடை இருக்கிறார்" என்றேன். பிறகும் மணி. பிறகும் அதே பதில். என் தம்பி ஊரில் காணாமற்போனபோது இந்த இரண்டு சொல்லை எனக்கு ஒருவரும் தரவில்லை. செத்தவருக்குச் செய்யும் அந்தியேட்டியைச் செய்து முடி என்றுதான் எல்லாரும் அவசரப்பட்டார்கள். அந்தக் கோபமெல்லாம் இப்போது என் குரலில் ஏறியது.

"எல்லாருக்கும் ஒண்டையே சொல்லுறீர். என்ன அது?" என்றார் மிஸ் ஹேசல்.

"உங்கடை தம்பி உயிரோடை இருக்கிறாரெண்டு."

அவர் கண்ணாடியைத் திரும்பிப் பார்த்தார். அந்தக் குத்துவிளக்குகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"அப்ப அவையள் வேறை மாதிரியோ நினைக்கினம்?"

மணி அடித்தது. அவரே எடுத்தார். காதில் வைக்கவில்லை. என்னிடம் நீட்டினார்.

"சொல்லும்" என்றார். "இன்னும் சத்தமாச் சொல்லும்."