ஆறாத சூப்

வேல்ஸில், கார்டிகன் ஊருக்கு மேலே, மான்செல் புரோபர்ட்டின் பண்ணைவீட்டுச் சமையலறையில், ஆட்டுக்கறியும் லீக் என்னும் வெங்காயத் தண்டும் போட்ட சூப் நான்கு ஆண்டுகள் இரண்டு மாதங்கள் ஆறாமல் இருந்தது. பக்கத்தில் எரிந்த மெழுகுவத்தி நகக்கண் அளவுகூடக் குறையவில்லை. அந்தக் காலத்தில் ஆட்டுக்குட்டி விலை இருமுறை ஏறி ஒருமுறை இறங்கியது.

நெரிஸ் பெவனுக்குப் படப்பிடிப்பில் தொடர்ச்சி பார்க்கும் வேலை. முதல் ஷாட்டில் கரண்டி எந்தப் பக்கம் இருந்ததோ, பத்து நாள் கழித்து எடுக்கும் ஷாட்டிலும் அதே பக்கம் இருக்கவேண்டும். பாதியில் நின்ற காட்சியை யாரும் தொடக்கூடாது. “கலைக்கலாம்” என்று அவள் வாய்விட்டுச் சொன்ன பிறகே ஒரு கோப்பையை நகர்த்தலாம். அவள் வேலை பார்த்தது, வேல்ஸும் பெல்ஜியமும் சேர்ந்து அந்தச் சமையலறையில் எடுத்த தொலைக்காட்சித் தொடரில். பல வருடம் கழித்துக் கடலிலிருந்து வீடு திரும்பும் மாலுமியாக ஆண்ட்வெர்ப் ஊர்க்காரன் யோஸ்ட் நடித்தான். அவன் உள்ளே வந்து, உட்கார்ந்து, ஒரு வாய் சூப் குடிக்க வேண்டும். அவ்வளவுதான் பாக்கி. புத்தாண்டு விடுமுறைக்குக் கிளம்பும்போது, “நான் வர்றவரைக்கும் சூடா இருக்குமா?” என்று கேட்டுச் சிரித்தான். “நான் பாத்துக்கறேன், போயிட்டு வாங்க,” என்றாள் நெரிஸ்.

அந்த விடுமுறையில்தான் நாடு ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து முழுதாக வெளியே வந்தது. ஒன்றியத்து நிதி நின்றது. பெல்ஜியப் பங்காளிகள் மரியாதையாக ஒரு வருத்தக் கடிதம் எழுதினார்கள். யோஸ்டுக்கு வேலை அனுமதி வாங்கித்தரத் தயாரிப்பாளர்களுக்குத் தெம்பு இல்லை. விளக்குக்காரர்கள் அயர்லாந்துக்குப் போனார்கள். ஒப்பனைக்காரி செவிலியர் படிப்பில் சேர்ந்தாள். நெரிஸ் மட்டும் சனிக்கிழமைதோறும் வந்து, பழைய புகைப்படங்களோடு மேசையை ஒப்பிட்டுப் பார்த்தாள். கரண்டி இடப்பக்கம். ரொட்டி பாதி வெட்டியபடி. ஆவி அதே வளைவில்.

மான்செல் ஆட்டுக்கொட்டகையில் அடுப்பு வைத்துச் சமைத்தார்.

“அந்த ஒத்த வார்த்தையச் சொல்லித் தொலையேம்மா. என் சமையக்கட்டுல நானே விருந்தாளி மாதிரி நிக்கிறேன்.”

“காட்சி இன்னும் முடியலையே, மான்செல்.”

“காட்சிக்காகவா, இல்ல அந்த ஆளுக்காகவா?”

அவள் புகைப்படத்தை மறுபடி மேசையோடு ஒப்பிட்டாள். அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டால், அவன் திரும்பி வர உலகத்தில் ஒரு காரணமும் மிஞ்சாது. இதை அவள் தனக்குள்கூட உரக்கச் சொல்லிக்கொண்டதில்லை.

ஐந்தாம் ஆண்டு மார்ச்சில், ஆடுகள் குட்டி போடும் வாரத்தில், யோஸ்ட் சுற்றுலாப் பயணியாக வந்து வாசலில் நின்றான். தாடி நரைத்திருந்தது.

“வேலை எதுவும் பாக்கக் கூடாதுன்னு எல்லையிலயே சொல்லிட்டாங்க. உள்ள வந்து உக்காந்தா நடிச்ச மாதிரி ஆயிடும்,” என்றான்.

“பசிக்குதா?” என்றார் மான்செல்.

“பசிக்குது.”

“அப்புறம் என்னய்யா? சூப் குடிக்கறதுக்கும் விசா கேப்பானா? உள்ள வா, கதவச் சாத்து, குளிருது.”

கேமரா இல்லை, விளக்கு இல்லை. யோஸ்ட் உட்கார்ந்து, இடக்கையால் கரண்டியை எடுத்தான். நெரிஸ் பழக்கத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். ஒரு வாய் குடித்துவிட்டு அவன் கரண்டியைக் கையிலேயே வைத்திருந்தான். வெளியே ஒரு குட்டி பிறந்து, விழுந்து, எழுந்து நிற்கிற அளவு நேரம்.

“உப்பு கம்மி,” என்றான்.

“அன்னிக்கே குடிச்சிட்டுச் சொல்லியிருக்கலாம்ல நீங்க,” என்றாள் நெரிஸ். சிரித்தாள், கண்ணைத் துடைத்தாள். பிறகு, யாரும் கேட்காமலே, “கலைக்கலாம்” என்றாள்.

மெழுகுவத்தி அந்த நொடியே உருகத் தொடங்கியது. சட்டியில் மிச்சமிருந்த சூப் ஆறி ஆடை கட்டியது. மான்செல் நான்கு வருடத்துப் பாத்திரங்களை ஒரே மாலையில் கழுவினார். யோஸ்ட் பாதி குடித்து வைத்த கிண்ணத்தை அவர் எடுக்கப் போனபோது மட்டும் நெரிஸ் கையைப் பிடித்து நிறுத்தி, அதை ஒரு படம் எடுத்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை யோஸ்ட் கப்பலேறினான். அடுத்த மார்ச்சில் வருவதாகச் சொல்லியிருக்கிறான்.

கிண்ணம் மேசையில் அதே இடத்தில்தான் இருக்கிறது. குளிர் அதிகமான காலைகளில், ஆடுகளைப் பார்க்கப் போகுமுன், மான்செல் அதன் ஆவியில் கைகளைக் காட்டிச் சூடேற்றிக்கொள்கிறார்.