மருந்து வேண்டாம், ஊசி மட்டும்

மகளின் கல்யாணப் பத்திரிகையின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, முதல் பத்திரிகையை ஆண்டாள் சன்னிதியில் வைத்துக் கும்பிட்டுவிட்டு வந்த மறுநாள் காலையில், மச்சினன் பால்பாண்டி வந்து சங்கரலிங்கத்தின் வீட்டு வாசலில் நின்றான்.

சங்கரலிங்கம் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் அமீனா. சம்மனைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும், ஜப்தி உத்தரவோடு அடுத்தவன் வாசலில் போய் நிற்பதும்தான் உத்தியோகம். அவர் சைக்கிள் திரும்பினாலே அந்தத் தெருவில் பாதிப் பேருக்குக் காய்ச்சல் வரும். அப்பேர்ப்பட்ட மனிதருக்கு அன்று மச்சினன் முகத்தைப் பார்த்ததும் காப்பி இறங்கவில்லை. பால்பாண்டிக்கு ராஜபாளையத்தில் மருந்துக்கடை. ஒன்றுமில்லாததற்கு வேலை நாளில் கடையைச் சாத்திவிட்டு பஸ் ஏறுகிற ஆள் இல்லை அவன்.

“அத்தான், அக்காவைச் செத்த உள்ளே போகச் சொல்லுங்க” என்றான்.

பெத்தம்மாள் உள்ளே போகிற ரகமா? புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இன்னும் ஓரடி முன்னால் வந்து நின்றாள்.

“மாப்பிள்ளை ஊசி வாங்குதாரு அத்தான்.”

“என்ன ஊசி? கோணி ஊசியா?”

“இஞ்செக்‌ஷன் போடுத ஊசி. தடிச்சது ஒண்ணு, மெல்லிசு ஒண்ணுன்னு வகைவகையா வாங்குதாராம். என்ன மருந்துன்னு கேட்டா, மருந்து வேண்டாம், ஊசி மட்டும் போதுங்காராம். அதுவும் நம்ம கடையிலே இல்லே. சொந்தக்காரன் கடை இருக்கையிலே அவரு எதுக்கு அடுத்த தெருவிலே போய் வாங்கணும்? அந்தக் கடைக்காரன்தான் எங்கிட்டச் சொன்னான்.”

மாப்பிள்ளை காளிராஜ் ராஜபாளையத்து மில் ஒன்றில் டைம் ஆபீஸ் கிளார்க். தகப்பன் இல்லாத பையன். தாய் அழகுத்தாயோடு சம்மந்தபுரத்தில் சொந்த வீடு. பீடி, சிகரெட் கிடையாது. பேச்சும் அவ்வளவாகக் கிடையாது. இதையெல்லாம் விசாரித்து, தங்கமான பையன் என்று சான்றிதழ் கொடுத்தவனே இந்தப் பால்பாண்டிதான். இப்போது அவனே மேலும் அடுக்கினான். சிகரெட் குடிக்காத மாப்பிள்ளை பெட்டிக்கடையில் போய், தூக்கிப் போட்ட சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் வெள்ளித்தாளைக் கேட்டு வாங்கிக்கொண்டு போகிறாராம். மில்லிலிருந்து வந்ததும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாராம். ஜன்னல் இடுக்கில் மெழுகுவர்த்தி வெளிச்சமும் ஒரு மாதிரி நெடியும் வருகிறதாம்.

கொடைக்கானல் டவர் வந்து டி.வி. தெரிய ஆரம்பித்த புதிது அது. பிரவுன் சுகர் என்று ஒரு விஷம் வந்திருக்கிறது, வெள்ளித்தாளில் வைத்துச் சூடு காட்டி இழுப்பார்கள், முற்றிப்போனால் ஊசியில் ஏற்றிக்கொள்வார்கள் என்று வீட்டுக்குள் வந்தே பயமுறுத்தினார்கள். போதாக்குறைக்கு பஸ் ஸ்டாண்ட் சுவரில் எலும்புக்கூடு ஒன்று ஊசியைப் பிடித்துக்கொண்டு நின்றது. சங்கரலிங்கம் தினமும் அதைத் தாண்டித்தான் கோர்ட்டுக்குப் போனார்.

“வேற என்னலே வாங்குதாரு?” என்று பெத்தம்மாள் கேட்டாள்.

பால்பாண்டி தயங்கினான். “நகப்பாலிஷ் வாங்குதாராம்க்கா. செவப்பு.”

பெத்தம்மாள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தாயும் மகனும் மட்டும் இருக்கிற வீட்டில் சிவப்பு நகப்பாலிஷ் யாருக்கு? அழகுத்தாய்க்கா? புருஷன் ஒரு பேயைப் பிடித்துக்கொண்டார், பெண்டாட்டி இன்னொருத்தி இருக்கிறாள் என்கிற பேயைப் பிடித்துக்கொண்டாள். ஒன்றில் மட்டும் ரெண்டு பேரும் ஒத்துப்போனார்கள். டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போயிருக்கும் மகள் செண்பகவல்லியின் காதில் இது விழவே கூடாது.

அதன் பிறகு அந்த வாரம் முழுக்க அந்த வீட்டில் யாரும் யாரோடும் உரக்கப் பேசவில்லை. நிறுத்திவிடலாம் என்று சங்கரலிங்கத்துக்கு ஒரு நேரம் தோன்றும். நிச்சயமாகி, பத்திரிகை அடித்து நின்றுபோன கல்யாணம் என்றால், தப்பு யார் பக்கம் என்றா ஊர் கேட்கப்போகிறது? பெண்ணுக்கு என்னவோ என்றுதான் சொல்லும். அடுத்த வரன் வாசல்வரை வந்து திரும்பிப் போகும். சரி, நடத்திவிடலாம் என்று பார்த்தால், அந்த எலும்புக்கூட்டின் கழுத்தில் தன் மகள் மாலை போடுகிற மாதிரி கண்ணுக்குள் வந்து நின்றது. கோர்ட்டுச் சம்மன் ஒன்றைக் கொண்டுபோய் வேறு தெருவில் கொடுத்துவிட்டு வந்து நின்றார் மனிதர். இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு பிழை அவர் செய்ததே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பெத்தம்மாள் சொல்லிவிட்டாள். “ஊர்ல உள்ள வீடெல்லாம் பூந்து பாக்கிய. மகளுக்காவ ஒரு வீட்டைப் போய்ப் பாத்துட்டு வாரும்.”

பஸ்ஸில் போகும்போதே எப்படிப் பேசுவது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டு போனார். ஒன்றும் சரிப்படவில்லை. போதாததற்குப் பழக்கதோஷம், கோர்ட்டுக்குக் கொண்டுபோகிற தோல்பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்திருந்தார். சம்மந்தபுரம் தெருவில் அவரை அடையாளம் தெரிந்த ஒருத்தி குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு, “எந்த வீட்டுக்கு அண்ணாச்சி?” என்று கேட்டாள். அழகுத்தாய் வீட்டுக்கு என்று சொல்லித் தொலைத்தார். அடுத்த நிமிஷம் அழகுத்தாய் வீட்டுக்கு ஜப்தி வந்திருக்கிறது என்று செய்தி தெருக்கோடிக்கு அவரை முந்திக்கொண்டு போய்விட்டது. மாப்பிள்ளையைப் பற்றி ஊர் பேசியதைக் கேட்டு வந்தவரே ஊருக்குப் புதிதாக ஒரு கதையைக் கொடுத்துவிட்டார்.

அழகுத்தாய் வாசலுக்கே வந்து வரவேற்றாள். ஆனால் முகம் வெளிறியிருந்தது. சங்கரலிங்கம் வெளிறிய முகங்களை ஆயிரம் பார்த்தவர். வீட்டுக்குள் எதையோ மறைத்து வைத்திருக்கிறவர்களின் முகம் அது.

“வாங்க அண்ணாச்சி. காப்பி போடுதேன்.”

“வேண்டாம் தாயி. மாப்பிள்ளை எங்க?”

“அவனுக்குத் தலைவலி. படுத்திருக்கான்.”

“நான் செத்த பாத்துட்டுப் போறேன்.”

“தூங்குதான் அண்ணாச்சி. பொறவு பாத்துக்கிடலாம்.”

சொல்லிக்கொண்டே அவள் உள்ளறைக் கதவுக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள். கதவுக்கு அந்தப் பக்கம் தூங்குகிறவன் எதையோ கறகறவென்று ராவிக்கொண்டிருந்தான். பெயின்ட் தின்னர் நெடி மூக்கைத் துளைத்தது.  சம்பந்தி என்பதையெல்லாம் மறந்து, சங்கரலிங்கத்தின் கோர்ட்டுக் குரல் தன்னால் வெளியே வந்தது.

“கதவைத் தெறங்க!”

ராவுகிற சத்தம் நின்றது.  பிறகு தாழ்ப்பாள் விலகியது. காளிராஜ் நின்றான். கண் ரெண்டும் சிவந்திருந்தன. விரல் நுனியில் ரத்தப் பொட்டு. அவனுக்குப் பின்னால் மேஜையில் மெழுகுவர்த்தி எரிந்தது, வெள்ளித்தாள் கிடந்தது. அவன் கையில் ஊசி.

 சங்கரலிங்கம் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். எல்லாம் முடிந்துபோயிற்று என்று நினைத்தார். கத்தவேண்டும் என்று வந்தவருக்கு அழுகைதான் முட்டிக்கொண்டு வந்தது.

“மாப்ளே, சட்டைக் கையை மடக்குங்க.”

“என்ன மாமா?”

“மடக்குங்க. ரெண்டு கையையும் காட்டுங்க.”

காளிராஜ் ஊசியை மேஜையில் வைத்துவிட்டு, ஒன்றும் புரியாமல் சட்டைக் கையைச் சுருட்டினான். சங்கரலிங்கம் அவன் கையைப் பிடித்து ஜன்னல் பக்கம் இழுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முழங்கை மடிப்பைத் தடவிக்கூடப் பார்த்தார். சின்ன வயசில் குத்திய அம்மைத் தழும்பைத் தவிர ஒரு புள்ளி கிடையாது. மெலிந்த, சுத்தமான கை.

“அப்பொ ஊசி எதுக்கு?”

அப்போதுதான் காளிராஜுக்கு விளங்கியது. அவன் முகம் கறுத்தது, பிறகு சிவந்தது.  மேஜை மூலையில் துணி போட்டு மூடியிருந்ததை எடுத்துவந்து அவர் முன்னால் வைத்துத் துணியை விலக்கினான்.

ஒரு கார். ஒரு சாண் நீளம்கூட இராது. சிவப்பு நிறம், மூடியில்லாத சக்கரங்கள், ஒரே ஒரு ஆள் உட்காருகிற குழி. பின்பக்கம் இன்ஜின் மூடாமல் திறந்து கிடந்தது.

“மெட்ராஸ் பக்கம் சோழவரத்திலே ரேஸ் பாக்கப் போனேன் மாமா, மில்லுக்காரங்களோட. இதே மாதிரி காரு. கிட்டத்திலே நின்னு பாத்தேன். பொறவு சிங்கப்பூர்ல இருக்க சிநேகிதன் சின்னக் காரு பாகமெல்லாம் ஒட்டிச் சேக்குத பெட்டி ஒண்ணு அனுப்பினான். ஆனா அதுல சின்னச் சாமானெல்லாம் சரியில்லே. இந்தப் புகைக்குழாயப் பாருங்க. பெட்டியிலே வந்தது வெறும் பிளாஸ்டிக் குச்சி, ஓட்டையே இல்லே. நெசக் குழாய்னா உள்ளே பொள்ளலா இருக்கணும்லா? இம்புட்டுச் சின்னக் குழாய்க்கு எங்கே போறது? ஊசிதான் பொறப்பிலேயே பொள்ளலா இருக்கு.”

சங்கரலிங்கம் சட்டைப்பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு குனிந்தார். இன்ஜினின் வயிற்றிலிருந்து நாலு குழாய்கள் வளைந்து வந்து ஒன்றாகச் சேர்ந்தன. அவற்றைவிட மெல்லிய குழாய்கள் மேலே வரிசையாக வாயைத் திறந்துகொண்டு நின்றன. ஜப்தியில் பொருளுக்குப் பொருள் கேட்டு எழுதுகிற பழக்கம் அவரை விடவில்லை.

“இது என்ன கண்ணாடியா?”

“சிகரெட் தாளு. தேச்சு ஒட்டினா டிரைவர் பக்கத்துக் கண்ணாடி மாதிரியே இருக்கும்.”

“இந்த நூலு?”

“நூலில்லே மாமா. ரீஃபில் குழாய மெழுகுவத்தியிலே இளக்கி இழுத்தா முடி கணக்கா வரும். ஸ்பார்க் பிளக் ஒயரு.”

“செவப்பு...” என்று ஆரம்பித்த சங்கரலிங்கம், பெத்தம்மாளின் பேயை நினைத்துக்கொண்டு, “நகப்பாலிஷாக்கும்?” என்று முடித்தார்.

“ரெண்டு செவப்பைக் கலந்து தின்னர் விட்டேன். ஒத்தச் செவப்புல அந்தக் காரு நெறம் வரலே.”

டிரைவர் குழிக்குள் சீட் பெல்ட் இருந்தது. சத்திரப்பட்டி பேண்டேஜ் துணியை நறுக்கி டிகாஷனில் நனைத்த நாடா. அதன் நடுவில் கொக்கி. சங்கரலிங்கம் அதை உற்றுப் பார்த்தார். தன் வீட்டுக் கொடியில் தினமும் காய்கிற சாமான்தான், ஜாக்கெட் கொக்கி. அவருக்கு முதலில் தோள் குலுங்கியது. பிறகு வயிறு. கட்டிலில் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தார். ஒரு வாரமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாறை உருண்டு போய்விட்டது. மூச்சு இவ்வளவு தாராளமாக வந்துபோகும் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “தாயி, காப்பி கொண்டா! சீனி தூக்கலாப் போடு” என்றார்.

அழகுத்தாய் வாசற்படியிலேயே நின்றாள். “கல்யாணம் கட்டப்போற வயசிலே பொம்மைக் காரு செஞ்சி வெளையாடுதான்னு தெரிஞ்சா யாரு பொண்ணு தருவா? அதான் அண்ணாச்சி யாரு வந்தாலும் தலைவலின்னு சொல்லி வெச்சேன். கொஞ்சம் கிறுக்குன்னு நெனச்சிருவாவளோன்னு பயம்.”

“கிறுக்கா? தாயி, நாங்க என்ன நெனச்சோம்னு தெரியுமா?”

சொன்னார். அழகுத்தாய் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, “எம் பிள்ளையையா? எம் பிள்ளையையா அப்பிடி நெனச்சிய?” என்று பொங்கினாள். காளிராஜ்தான் இடையில் வந்தான். “மாமா மேல என்ன தப்பு? பூட்டி வெச்சது நம்மதானம்மா” என்றான். அதைக் கேட்டதும் சங்கரலிங்கத்துக்குப் பையனை இழுத்து அணைத்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. அமீனாவுக்கு அதெல்லாம் பழக்கமில்லை. மீண்டும் ஒரு தடவை காரைக் குனிந்து பார்த்து, “நல்லாருக்கு மாப்ளே” என்று மட்டும் சொன்னார்.

திரும்பி வருகிற பஸ்ஸில் கூட்டம். படியில் தொங்காத குறையாக நின்றுகொண்டு வந்தார். ஒருவன் காலை மிதித்தான். பரவாயில்லை தம்பி என்றார். கண்டக்டரே திரும்பிப் பார்த்தான்.

வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல், “ஏட்டி, ஒண்ணுமில்லே! காரு! சின்னக் காரு செய்யுதாரு!” என்று கத்தினார். பெத்தம்மாளுக்கு அவர் எல்லாவற்றையும் ரெண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. ரெண்டாம் தடவை நகப்பாலிஷ் விவரத்தைக் கேட்டதும் அவள் கிழக்கே பார்த்து ஆண்டாளைக் கும்பிட்டுவிட்டு, அந்த வேகத்திலேயே தன் தம்பியைத் திட்ட ஆரம்பித்தாள். இவ்வளவு சத்தத்தில் கொல்லையிலிருந்த செண்பகவல்லி ஈரக்கையோடு உள்ளே வந்ததை ரெண்டு பேரும் கவனிக்கவில்லை.

“என்ன காரு? செவப்புக் காரா?” என்று அவள் கேட்டாள்.

சங்கரலிங்கம் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

“புகைக்குழாய்க்கு ஊசி சரியா வந்துட்டாமா?”

“ஒனக்கு எப்பிடிட்டி தெரியும்?”

“கோயில்ல வெச்சிப் பொண்ணு பாத்த அன்னைக்கே ஊசி வரைக்கும் எல்லாஞ் சொன்னாவ. நீங்கள்லாம் அந்தப் பக்கம் பிரசாதம் வாங்கப் போனிய. எனக்கு ஒரு கிறுக்கு உண்டு, ஒங்களுக்குப் பிடிக்கலேன்னா இப்பவே சொல்லிருங்கன்னாவ. வெளியாள் யாருக்கும் தெரியாது, மொதல்ல ஒங்ககிட்டதான் சொல்லுதேன்னாவ.” அவள் பேச்சை நிறுத்தி, அம்மாவையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தாள். “ஏன், என்னவாம்?”

பெத்தம்மாள் மெல்ல விஷயத்தைச் சொன்னாள். மகள் முகம் போன போக்கைப் பார்க்கச் சங்கரலிங்கத்துக்குத் தெம்பில்லை. ஒரு வாரம் முழுக்க வீட்டிலிருந்த ஒருத்திக்குத் தெரியக்கூடாது என்று குசுகுசுவென்று பேசிச் செத்தார்கள். அவளைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்த நிமிஷமே முடிந்திருக்கும். கேட்கவேண்டும் என்றே அவருக்குத் தோன்றவில்லையே!

“அவிய கையை மடக்கிப் பாத்தியளா?”

“பாத்தேன் தாயி.”

“அவிய ஒண்ணும் சொல்லலியா?”

“சொல்லலே. எம் மேல தப்பில்லேன்னுதான் சொன்னாரு.”

செண்பகவல்லியின் கண் நிறைந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டு, அவர் இதுவரை கேட்டிராத ஒரு குரலில் சொன்னாள். “அவியளுக்கு எம்புட்டு வருத்தமா இருந்திருக்கும்! நீங்க மன்னிப்புக் கேக்க மாட்டிய, எனக்குத் தெரியும். கல்யாணம் முடியட்டும், நான் கேட்டுக்கிடுதேன்.”

சொல்லிவிட்டுக் கொல்லைக்குப் போய்விட்டாள். சங்கரலிங்கம் அவள் போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றார். உறைக்கத்தான் செய்தது. ஆனாலும் அதற்கு அடியில், சம்மந்தபுரத்து வீட்டில் கட்டிலில் உட்கார்ந்து சிரித்தபோது வந்ததைவிடப் பெரிய ஆறுதல் ஒன்று மெல்லப் பரவியது. இனிமேல் இவளைப் பற்றிப் பயப்பட வேண்டியதில்லை என்று அவருக்குத் தோன்றியது.